ஆட்டுப் பட்டியில் யுவி விளக்கு மாட்டினால் அடைப்பான் சாகுமா?

பரதராமி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் மூன்று ஆடுகள் திடீரென்று செத்துவிட்டன. முதல் ஆட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லில் போட்டு மச்சான் தோலுரித்துவிட்டார். அடுத்த இரண்டுக்கும் மூக்கில் கறுத்த ரத்தம் வந்ததும் பயந்துபோய்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அடைப்பானாக (ஆங்கிலத்தில் அந்த்ராக்ஸ்) இருக்கலாம் என்று சொல்லி, காதிலிருந்து ரத்தப் பூச்சு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இதற்குள் டவுனில் வாட்டர் பியூரிஃபயர் விற்கும் கடைக்காரர் ஒருவர், "முப்பது வாட் யுவி (புற ஊதா ஒளி) டியூப் ஒன்றைப் பட்டியில் மாட்டு, இன்னொன்றைத் தொட்டிக்குள் இறக்கு, கதிர்வீச்சுக்கு முன்னால் எந்தக் கிருமியும் நிற்காது" என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம் தம்பி. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். கடைக்காரர் முழுப் பொய்யும் சொல்லவில்லை, அதனால்தான் விரிவு தேவைப்படுகிறது.

அதற்கு முன்னால் அவசரமான ஒன்று. தோலுரித்த மச்சானும், அந்தக் கறியைத் தொட்டவர்களும், யாராவது சாப்பிட்டிருந்தால் அவர்களும் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் "செத்த ஆட்டை அறுத்தோம், அடைப்பான் சந்தேகம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையிலோ முகத்திலோ கொசுக்கடி மாதிரி ஒன்று வந்து, கொப்புளமாகி, நடுவில் கரி மாதிரி கறுத்து, வலியே இல்லாமல் இருந்தால் அதுதான் அடைப்பான். அந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். தோலில் வருவதை ஆண்டிபயாடிக் நன்றாகவே குணப்படுத்தும். கவனிக்காமல் விட்டால் பத்தில் ஒருவர், இருவர் வரை இறக்கலாம். வயிற்றுக்குள் போனது அதைவிட மோசம். மச்சானை அனுப்பிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சரி, இப்போது கிருமிக்கு வருவோம். அடைப்பான் கிருமிக்கு இரண்டு உருவம். ஆட்டின் ரத்தத்துக்குள் இருக்கும்போது அது சாதாரணக் குச்சி பாக்டீரியா. சூடு, வெயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் அதைக் கொல்லும். ஆனால் உடலை விட்டு வெளியே வந்து காற்று பட்டதும் தன்னைத் தானே ஒரு பெட்டிக்குள் பூட்டிக்கொள்கிறது. அதுதான் ஸ்போர். கேழ்வரகு விதையைக் காயவைத்துக் குதிரில் கொட்டி வைப்போமே, அப்படி. விதைக்குள் உயிர் இருக்கிறது, ஆனால் சமையல், சாப்பாடு, வளர்ச்சி எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தக் குச்சி ஸ்போராக மாறுவதையும், ஸ்போர் மறுபடி குச்சியாக முளைப்பதையும் முதலில் உட்கார்ந்து பார்த்து 1876-இல் வெளியிட்டவர் ராபர்ட் கோக். அப்போது அவர் ஒரு சின்ன ஊரின் அரசு மருத்துவர்தான். மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீரில் கிருமியை வளர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

ஸ்போரின் பெட்டிக்குள் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்து உள்ளே இறுகிக் கிடக்கும். டி.என்.ஏ. இழையின் மேல் சின்னச் சின்னப் புரதங்கள் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். யுவி ஒளி பட்டால் சாதாரண பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். ஸ்போரில் அந்தப் போர்வை இருப்பதால் சேதத்தின் வகையே மாறிவிடுகிறது. அந்த மாறிய சேதத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்வதற்கென்றே ஒரு நொதியை ஸ்போர் தயாராக மடியில் கட்டி வைத்திருக்கிறது. முளைக்கும்போது முதல் வேலையாக அது ரிப்பேர் பார்க்கும். எதிராளி எந்தக் கம்பால் அடிப்பான் என்று தெரிந்து வைத்திருக்கிற மாதிரி.

ஆனாலும் யுவி ஸ்போரைக் கொல்லாது என்று நான் சொல்லமாட்டேன். கொல்லும். எவ்வளவு, எங்கே என்பதுதான் விஷயம்.

கணக்கைப் பாருங்கள். யுவி அளவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று சொல்வோம். வயிற்றுப்போக்கு தரும் ஈ. கோலை போன்ற கிருமிக்கு 10 மில்லிஜூல் கொடுத்தாலே பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சுவது அபூர்வம். குடிநீர் யுவி கருவிகளுக்கு உலகத்தில் பல இடங்களில் வைத்திருக்கும் தரம் 40 மில்லிஜூல். அந்த 40-ஐ ஸ்போருக்குக் கொடுத்தால் சுமாராக நூற்றில் ஒன்று மிஞ்சும். 99 சதவீதம் செத்ததே, போதாதா என்று கேட்பீர்கள். அடைப்பானில் செத்த ஆட்டின் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். ஒரு கோடியில் 99 சதவீதம் செத்தால் மீதி ஒரு லட்சம். அதற்கு மேல் விளக்கை எவ்வளவு நேரம் எரித்தாலும் கடைசிச் சிலது மட்டும் சாகாமல் இழுத்துக்கொண்டே போகும். ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக் கிடப்பது, தூசிக்கு அடியில் இருப்பது, இப்படி ஏதாவது ஒரு நிழல் கிடைத்தவை அவை.

நிழல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஆபத்தில்லாத மண் பாக்டீரியா ஒன்றின் ஸ்போர், பேசில்லஸ் சப்டிலிஸ். அதைக் கண்ணாடித் தட்டில் இருக்கும் அகர் (கிருமி வளர்க்கும் கூழ்) மேல் முழுக்கத் தடவி, நடுவில் கழுவித் துடைத்த ஒரு பூட்டுச் சாவியை வைத்து, மூடியைத் திறந்து யுவி விளக்குக்கு அடியில் சில நிமிஷம் வைக்கச் சொல்வேன். சாவியை எடுத்துவிட்டு மூடி, 37 டிகிரியில் விட்டால் மறுநாள் காலையில் தட்டில் ஒரு சாவி முளைத்திருக்கும். பல், துவாரம், கைப்பிடி எல்லாம் அச்சு அசலாக, வெளிர் வெள்ளை நிறத்தில். சுற்றிலும் தட்டு சுத்தம். சுத்தம் என்றா சொன்னேன்? குனிந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்தாறு புள்ளி இருக்கும். நேர் ஒளி பட்டும் சாகாதவை. யுவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அந்தத் தட்டில் இருக்கிறது. அது ஒளி, அவ்வளவுதான். மூலை திரும்பாது, உள்ளே நுழையாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியைக் கூட அதனால் தாண்ட முடியாது.

இதை உங்கள் பட்டிக்குக் கொண்டுவந்து பாருங்கள். முப்பது வாட் டியூப் ஒன்று உண்மையில் கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் ஒளியாகத் தருவது சுமார் 12 வாட்தான். ஒரு மீட்டர் தூரத்தில் நேராக நிற்கும் பரப்புக்கு 40 மில்லிஜூல் சேர ஏழு நிமிஷம் ஆகும். அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் கூரையில், இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டினால் ஆறில் ஒரு பங்குதான் தரைக்கு வரும். முக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் தரை கண்ணாடி மாதிரி மழமழவென்று, துடைத்துவைத்த மாதிரி இருந்தால். உங்கள் பட்டித் தரையில் புழுக்கை, மூத்திரம் ஊறிய மண், வேப்பஞ்சருகு, வைக்கோல். ஒரு புழுக்கையின் நிழலில் ஒளிந்துகொள்ள ஒரு ஊரளவு ஸ்போருக்கு இடம் இருக்கிறது. ஒரு ஸ்போரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதைவிடக் கொஞ்சம் கூட. தோலுரித்த கல் இன்னும் மோசம். கருங்கல்லின் ஒவ்வொரு குழியும் அதற்கு ஒரு கிணறு.

அப்புறம் விளக்கு எரியும்போது ஆடும் ஆளும் உள்ளே இருக்கக் கூடாது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஒருமுறை நானே யுவி பெட்டியின் விளக்கை அணைக்க மறந்து அதன் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பித்தது. வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேலை பார்த்தவர்களுக்கு வருகிற அதே வலி. விடிய விடிய ஈரத்துணி. கூரையில் மாட்டிய டியூபுக்குக் கீழே ஆட்டுக்குட்டியை அடைத்து வைத்தால் அதற்கும் அதே கதிதான், அது வந்து சொல்லாது.

தொட்டிக்குள் இறக்குவது என்பது இன்னும் தப்பான யோசனை. முதலில், கரண்ட். இரண்டாவது, உள்ளே இருக்கும் பாதரசம். டியூப் உடைந்தால் கிருமிக்குப் பயந்து பாதரசத்தைக் குடித்த கதையாகிவிடும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. நல்ல தெளிந்த தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்கு 95 சதவீத யுவியைக் கடத்துகிறது என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டர் போனால் 60 சதவீதம் மிஞ்சும். பரவாயில்லை. கொஞ்சம் கலங்கல், கொஞ்சம் பாசி, ஆடு வாய் வைத்த தண்ணீர், அதில் ஒரு சென்டிமீட்டருக்கு 70 சதவீதம்தான் கடக்கிறது என்றால் பத்தாவது சென்டிமீட்டரில் மூன்று சதவீதம் கூட இருக்காது. முப்பதாவதில் கணக்குப் போடவே வேண்டாம். அதனால்தான் முறையான கருவியில் தண்ணீரை விளக்கைச் சுற்றி மெல்லிய உறை மாதிரி ஓடவிடுவார்கள். விளக்கு குவார்ட்ஸ் குழாய்க்குள் இருக்கும், தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு போகும்.

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீருக்கு அந்தக் குவார்ட்ஸ் குழாயும் ரொம்ப நாள் தாங்காது. ஒரு பால் குளிரூட்டும் மையத்தில் இந்தக் கருவியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். விளக்கு நீலமாக நன்றாக எரிகிறது, ஆனால் தண்ணீர் சோதனையில் கிருமி வருகிறது என்றார்கள். ஸ்டீல் உறையைக் கழற்றினால் குவார்ட்ஸ் குழாய் முழுக்க உப்பு, வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் உள்பக்கம் மாதிரி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. விளக்கு உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. எலுமிச்சை உப்பு கரைத்து ஊறவைத்துக் கழுவியதும் சரியானது. நீல வெளிச்சம் தெரிகிறது என்பது விளக்கு வேலை செய்வதற்கு ஆதாரமே இல்லை. யுவி கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்க்கும் நீலம் அதனோடு சேர்ந்து வருகிற எச்சம். எட்டாயிரம், ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடிய விளக்கு நீலமாகவே எரியும், யுவி குறைந்துபோயிருக்கும்.

வெயில் கொல்லாதா என்று உங்கள் அப்பா கேட்டாராம். நல்ல கேள்வி. டௌன்ஸ், பிளண்ட் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் 1877-லேயே சூரிய ஒளி பாக்டீரியாவை வளரவிடாது என்று காட்டிவிட்டார்கள். ஆனால் கிருமியைத் தீவிரமாகக் கொல்லும் அந்த 254 நானோமீட்டர் பக்கத்து ஒளியை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. தரைக்கு வருவது அதைவிட மெலிந்த யுவி. மேலே கிடக்கும் ஸ்போரை மெதுவாகக் கொல்லும், சில மில்லிமீட்டர் மண்ணுக்கு அடியில் போனதை ஒன்றும் செய்யாது. ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் க்ருயினார்டு என்று ஒரு சின்னத் தீவு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-இல், பிரிட்டிஷ் ராணுவம் அங்கே செம்மறியாடுகளைக் கட்டிவைத்து அடைப்பானைச் சோதித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை. அத்தனை வருஷ வெயிலும் மழையும் போதவில்லை. 1986-இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல் தண்ணீரில் கலந்து தரையில் பாய்ச்சினார்கள். 1990-இல்தான் ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளியைப் பற்றி. தமிழில் கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லை வெயிலுக்கும் டியூபுக்கும் அணு உலைக்கும் சேர்த்து வைத்திருப்பதால் கடைக்காரர் ஒன்றின் பெருமையை இன்னொன்றின் தலையில் ஏற்றி விற்கிறார். ஸ்போருக்கு முன்னால் நிஜமாகவே நிற்கிற கதிர்வீச்சு ஒன்று உண்டு. அது காமா கதிர், அல்லது வேகமாக முடுக்கிய எலக்ட்ரான் கற்றை.

காமாவுக்கு நிழல் ஒரு பொருட்டில்லை. கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் தரும் காமா கதிர் தண்ணீரில் 11 சென்டிமீட்டர் போன பிறகுதான் பாதியாகக் குறையும். கலங்கலோ தெளிவோ அதற்கு ஒன்றுதான். மூட்டை, அட்டைப்பெட்டி, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு போய் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை நேராகவே வெட்டும். சாதாரண பாக்டீரியாவில் கதிர் தண்ணீரை உடைத்து, அந்தத் துண்டுகள் போய் டி.என்.ஏ.வைக் கடிப்பதும் உண்டு. ஸ்போருக்குள் தண்ணீரே குறைவு என்பதால் அந்த வழி அங்கே அவ்வளவாக எடுபடாது. அதனால்தான் ஸ்போரைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஒன்றரை முதல் மூன்று கிலோகிரே வரை தேவைப்படுகிறது. கிரே என்பது ஒரு பொருள் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சின் அளவு, ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. ஆனால் காமாவில் அளவைக் கூட்டிக்கொண்டே போக முடியும். மருத்துவமனை ஊசி, கையுறைக்கு வழக்கமாகக் கொடுப்பது 25 கிலோகிரே. பத்தில் ஒன்றாக்க இரண்டு கிலோகிரே என்று வைத்தால் பன்னிரண்டு முறை பத்தால் வகுத்த மாதிரி. கோடியும் லட்சமும் அங்கே காணாமல் போய்விடும்.

25 கிலோகிரே என்றால் என்ன என்று தோன்றும். மனிதன் உடல் முழுக்க நான்கைந்து கிரே வாங்கினால், சிகிச்சை இல்லாவிட்டால், பாதிப் பேர் பிழைப்பதில்லை. இது அதைப்போல ஐயாயிரம் மடங்கு. அதே 25 கிலோகிரே ஒரு சொம்புத் தண்ணீரைச் சூடாக்கினால் ஆறு டிகிரிதான் ஏறும். வெதுவெதுப்பு கூட ஆகாது. எனக்கு இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் ஆச்சரியம்தான். அடுப்பு மொத்தமாகச் சூடேற்றிச் செய்கிற வேலையை இது ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி செய்கிறது. கதிர் பட்ட பொருள் தானே கதிர்வீசத் தொடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபால்ட் காமாவுக்கு அதற்கான சக்தி இல்லை.

நம் ஆட்டுத் தொழிலுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. வணிக ரீதியில் உலகத்தில் முதலில் ஓடிய கோபால்ட் ஆலைகளில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குப் பக்கத்தில் டாண்டெனாங்கில் 1960 வாக்கில் வந்தது. எதற்கு? கார்ப்பெட் செய்ய வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டு மயிரில் அடைப்பான் ஸ்போர் இருக்கும் என்று. இங்கிலாந்தில் கம்பளி பிரிக்கிறவர்களுக்கு வந்த நுரையீரல் அடைப்பானுக்குக் கம்பளிக்காரர் நோய் என்றே பெயர் இருந்தது. ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று தோல் தொழிலைச் சுற்றி வாழ்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை.

2001-இல் அமெரிக்காவில் கடித உறைகளில் அடைப்பான் தூளைப் போட்டு அனுப்பினார்கள். 22 பேருக்கு நோய், ஐந்து பேர் சாவு. அதற்குப் பிறகு வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்குப் போகும் தபாலை மூட்டை மூட்டையாக ஓஹியோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் அனுப்பி எலக்ட்ரான் கற்றைக்குக் காட்டினார்கள். அளவு 50 கிலோகிரேக்கும் மேல். ஸ்போர் செத்தது. கூடவே காகிதம் பழுத்து நொறுங்கியது, பிளாஸ்டிக் உருகியது, பிரித்துப் படித்தவர்கள் தலைவலி, கண் எரிச்சல் என்றார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. கடிதத்துக்குக் கதிர் கொடுத்தார்கள், கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை. அத்தனை பணமும் அத்தனை விஞ்ஞானிகளும் இருந்தும், தபால் பிரிக்கும் கட்டடத்தையும் செனட் அலுவலகத்தையும் குளோரின் டையாக்சைடு வாயு நிரப்பித்தான் சுத்தம் செய்தார்கள். பொருளைக் கதிரிடம் கொண்டுபோகலாம். சுவரையும் தரையையும் கொண்டுபோக முடியாது.

இந்தியாவிலும் இந்த ஆலைகள் இருக்கின்றன. டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐசோமெட் 1974-இலிருந்து மருத்துவப் பொருட்களைச் சுத்திகரிக்கிறது. வடோதராவில் சாக்கடைக் கழிவுச் சேற்றுக்கும் காமா கொடுத்து உரமாக்கிப் பார்த்தார்கள், 2019-இல் அகமதாபாத்தில் அதையே பெரிதாகக் கட்டினார்கள். வடோதராவில் சேற்றுக்குக் கொடுத்தது மூன்று கிலோகிரே அளவில்தான். குடல் கிருமிக்கு அது போதும், ஸ்போரைக் குறி வைத்ததில்லை. இந்த மாதிரி ஆலையில் கோபால்ட் குச்சிகள் ஆறு மீட்டர் ஆழத் தண்ணீர்க் குளத்தில் கிடக்கும். சுற்றிலும் ஆள் உயரத் தடிமனுக்குக் கான்கிரீட் சுவர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஒரு குண்டூசி அளவு கூட வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு கோபால்ட் கருவியைப் பிரித்து, ஒருவர் செத்தே போனார். ஆக, காமா உங்கள் பட்டிக்கும் தொட்டிக்கும் வராது.

அப்படியானால் என்ன செய்வது?

அடைப்பான் ஸ்போராக மாறக் காற்று வேண்டும் என்றேன் இல்லையா? அதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. செத்த ஆட்டை அறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் குச்சிக் கிருமிகள் அழுகலில் சில நாட்களில் தாமாகவே செத்துவிடும். கத்தி வைத்த நொடியில்தான் நாம் அதைக் கோடிக்கணக்கில் விதையாக்குகிறோம். திடீர்ச் சாவு, வயிறு உப்பல், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம், உடல் விறைக்காமல் கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கத்தியைத் தொடக் கூடாது. சித்தூர் பக்கத்துச் சொந்தங்களுக்குத் தொம்ம ரோகம் என்றால் புரியும், அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பலமனேர் சந்தையிலிருந்து ஓட்டி வருகிற ஆடு எல்லையில் நின்று நோய் பார்த்துக்கொண்டு வருவதில்லை. நீங்கள் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அறுக்காத இரண்டு ஆடுகளையும் மூக்கு, வாய், ஆசனவாயில் துணி அடைத்து, ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதைக்க மருத்துவர் சொல்லியிருப்பார். எரிக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. இங்கே ஒரு சங்கடம். நம் பக்கம் குழியில் சுண்ணாம்பு கொட்டுவது வழக்கம். உலக சுகாதார அமைப்பின் அடைப்பான் கையேடு அதை வேண்டாம் என்கிறது, கால்சியம் ஸ்போருக்கு ஒத்தாசையாகிவிடலாம் என்பதால். எனக்கும் சுண்ணாம்பில் நம்பிக்கை இல்லை. குழியைச் சுற்றி முள்வேலி போட்டு, நாய் தோண்டாமல், ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வதில் அந்தச் செலவைப் போடுங்கள்.

தோலுரித்த கல்லை மோட்டார் போட்டு அடித்துக் கழுவாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். பீச்சியடிக்கிற தண்ணீர் ஸ்போரைத் தொட்டிக்கும் மண்ணுக்கும் பரப்பும். முதலில் மருந்து, பிறகு தேய்ப்பு, மறுபடி மருந்து என்பது வரிசை. மருந்து என்றால் ஃபார்மலின் மாதிரி வீரியமானது, அது மூக்கையும் கண்ணையும் பதம் பார்க்கும். கால்நடைத் துறை ஆட்கள் கையுறை, முகமூடியோடு செய்யட்டும். அறுத்த கத்தியையும் மச்சானின் வேட்டியையும் ஒரு மூடிபோட்ட பழைய அண்டாவில் போட்டு நன்றாகக் கொதிக்கவையுங்கள், அரை மணி நேரமானாலும் நஷ்டமில்லை. ஆய்வகத்தில் நாங்கள் ஆட்டோக்ளேவில் 121 டிகிரியில் வைப்போம். பிரஷர் குக்கரும் அதே தத்துவம்தான், ஆனால் சோறு வடிக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், வீட்டில் விடமாட்டார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன், நீங்கள் ரொம்பப் பயந்தது அதற்குத்தான். அடைப்பான் மனிதனுக்கு வழக்கமாக வருவது தோலைத் தொட்டு, கறியைத் தின்று. கிணற்றுத் தண்ணீர் குடித்து வந்ததாகப் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அறுத்த இடத்துக்குப் பக்கத்துத் தொட்டித் தண்ணீரை ஆட்டுக்கும் காட்ட வேண்டாம், வயலுக்கும் திறந்துவிட வேண்டாம். மருத்துவர் வரும்வரை மூடி வையுங்கள். கிணறு மேட்டில், தள்ளி இருக்கிறது என்றீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமென்றால் மூடி போட்டுப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள். மூடி முக்கியம். திறந்த பாத்திரத்தில் மேல்பரப்பு கொஞ்சம் சூடு குறைந்தே இருக்கும், ஸ்போர் அங்கே தப்பிக்கும். வழக்கமாகத் தொட்டியில் போடுகிற அளவு பிளீச்சிங் பவுடர் ஸ்போருக்கு உறைக்காது. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் சவ்வு ஸ்போரைத் தடுக்கும், சவ்வு கிழியாமல் இருக்கும்வரை. அதில் இருக்கும் சின்ன யுவி விளக்கை மட்டும் நம்பாதீர்கள். மற்ற நாட்களில் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அந்த விளக்கு நல்ல வேலைக்காரன், அதை நான் குறை சொல்லவில்லை.

டியூபுக்கு வைத்திருந்த காசில் மீதி ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். அந்த ஊசி மருந்தை நம் ராணிப்பேட்டையிலேயே, கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாரிக்கிறார்கள். 1932-இல் தொடங்கிய இடம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டிலுக்குள் இருப்பதும் உயிருள்ள அடைப்பான் ஸ்போர்தான். தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1930-களில் கண்டெடுத்த ஒரு வகை. மேல் உறையைச் செய்யும் திறனை இழந்துபோனதால் நோய் தராது, ஆனால் உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டிக் கொடுக்கும். நம்மைப் படுத்துகிற அதே விதைக் குணம்தான் அந்த மருந்தைப் பாட்டிலில் கெடாமல் வைத்திருக்கிறது. உயிருள்ள மருந்து என்பதால் ஆண்டிபயாடிக் போட்டுக்கொண்டிருக்கும் ஆட்டுக்கு உடனே போடக் கூடாது, போட்டால் மருந்தே செத்துவிடும். எந்த ஆட்டுக்கு எது முதலில் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வருஷா வருஷம், மழைக்கு முன்னால்.

ரத்தப் பூச்சின் முடிவு என்ன வந்தது என்று எழுதுங்கள். மச்சானின் கையில் ஏதாவது கறுத்திருந்தால் அதற்கு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கல் பக்கம் ஆட்டை விடாமல் இன்றைக்கே நான்கு முள் வெட்டிப் போட்டுவிடுங்கள்.